பின்னாக வந்த பெண்

கருப்பைவாய்ப் புற்றுநோயும் நமது சபைகளும்: ஒரு பாடம்
(வாசிக்க: மாற்கு 5:21–43)



இந்த இதழின் பாடத்தை எழுத உட்கார்ந்தபோது சற்றுத் தயங்கினேன். குடும்பமாக அமர்ந்து வாசிக்கும் பத்திரிகை இது. பெண்களின் உள்ளுறுப்பில் வரும் ஒரு நோயைப் பற்றியும், தாம்பத்திய உறவின் மூலம் பரவும் ஒரு கிருமியைப் பற்றியும் இதில் எழுதலாமா என்று யோசித்தேன். நமது பெண்கள் வார்டில் நான் சந்தித்த ஒரு சகோதரியின் முகம் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு எழுதாமல் இருப்பதுதான் தவறு என்று தோன்றியது.

அந்தச் சகோதரிக்கு வயது 47. மலையடிவாரக் கிராமம். இரண்டு பஸ் மாறித்தான் நம் மருத்துவமனைக்கு வர முடியும். மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆன பிறகு மறுபடியும் உதிரம் பட ஆரம்பித்தது. துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதலும் இருந்தது. "வயசுக் கோளாறு" என்று எண்ணி, துணியை மடித்து வைத்துக்கொண்டு களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தார். இப்படியே பதினான்கு மாதங்கள் கழிந்தன. இடுப்புவலி தாங்க முடியாமல், ஒரு கால் வீங்கிய நிலையில் மகன் அழைத்து வந்தபோது கருப்பைவாய்ப் புற்றுநோய் இடுப்பெலும்பு வரை பரவியிருந்தது. வலியைத் தணிக்கலாம், குணமாக்கும் காலம் கடந்துவிட்டது என்று டாக்டர் அம்மா சொன்னார்கள்.

அவர் எனக்குப் புதியவர் அல்ல. ஒரு வருடத்துக்கு முன் அவர்கள் ஊர்ச் சபையில் நான் பிரசங்கம் செய்து முடித்தபின், "வயித்துவலிங்க ஐயா, ஜெபம் பண்ணுங்க" என்று என்னிடம் வந்தவர்தான். நான் தலையில் கைவைத்து ஜெபித்தேன். எத்தனை நாளாக வலி, வேறு என்ன தொந்தரவு, டாக்டரிடம் காட்டினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரிசையில் அடுத்தவர் நின்றுகொண்டிருந்தார்.

வார்டில் அவரிடம், "அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாமே, அம்மா?" என்று கேட்டேன். "உங்ககிட்ட எப்படிங்க ஐயா இதைச் சொல்றது? சபைக்குத் தெரிஞ்சா என்னைய என்னன்னு நினைப்பாங்க?" என்றார்.

மூன்று மாதத்தில் அவரை அடக்கம் செய்தோம். அந்தக் கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. இந்தப் பாடம் அதற்கான முயற்சி.

1. வேதம் காட்டும் பெண்

பெரும்பாடுள்ள ஸ்திரீயின் சரித்திரம் நமக்கெல்லாம் தெரிந்ததே. அவளுடைய விசுவாசத்தைப் பற்றிப் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். இன்று அவள் வந்த வழியைக் கவனிப்போம்.

முதலாவது, அவள் பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கோடு வாழ்ந்தாள். இரண்டாவது, பல வைத்தியர்களிடம் போய்க் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தாள். நோய் அதிகமானதே தவிரக் குறையவில்லை. மூன்றாவது, நியாயப்பிரமாணத்தின்படி அவள் தீட்டுள்ளவள். அவள் உட்கார்ந்த இடமும் தீட்டு, அவளைத் தொடுகிறவரும் தீட்டு. ஆகவே யவீருவைப் போல முன்னால் வந்து, எல்லாரும் பார்க்கக் காலில் விழுந்து, தன் தேவையைச் சொல்ல அவளால் முடியவில்லை. ஜெப ஆலயத் தலைவனுக்கு முன்வாசல் திறந்திருந்தது. அவளோ கூட்டத்துக்குள் பின்னாக வந்தாள்.

இயேசு அங்கே நின்றார். சாகும் தறுவாயில் இருந்த ஒரு சிறுபெண்ணுக்காகப் போய்க்கொண்டிருந்த அவசர வழியில் நின்றார். அவள் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும் வரை நேரம் கொடுத்தார். எல்லாருக்கும் முன்பாக அவளை மகளே என்று அழைத்தார். சரீரத்துக்கு வந்த சுகம் தொட்டவுடனே வந்துவிட்டது. ஊருக்கு நடுவில் வெட்கம் நீங்கியது அவர் நின்று கேட்ட பிறகே. நான் அன்று நிற்கவில்லை என்பதை இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் உணருகிறேன்.

2. இந்த நோய் எப்படி வருகிறது?

கருப்பையின் கீழ்ப்பகுதியில், பிறப்புறுப்பை நோக்கித் திறக்கும் வாய்தான் கருப்பைவாய். அங்கே வரும் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமியால் வருபவை. தாம்பத்திய உறவின் மூலம் இது பரவுகிறது. இது மிகச் சாதாரணமான கிருமி. மணவாழ்வு கண்ட ஆண் பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது தொற்றுகிறது. அநேகரின் உடல் ஒன்றிரண்டு வருடங்களில் தானாகவே இதை வென்றுவிடுகிறது. சிலரிடம் மட்டும் நீங்காமல் தங்கி, கருப்பைவாயின் தோலில் மெல்ல மாற்றங்களை உண்டாக்குகிறது. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருடங்கள் ஆகின்றன. எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்து, அதற்குச் சிகிச்சையும் பெறாத பெண்களுக்கு 5 முதல் 10 வருடங்களே போதும்.

இந்தக் காலக்கணக்கைத் தயவுசெய்து இரண்டாம் முறை வாசியுங்கள். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் சிலவே. அந்த 15 வருடங்களுக்குள் ஒரே ஒருமுறை பார்த்தால்கூட மாற்றத்தைக் கண்டுபிடித்து, புற்றுநோய் ஆகுமுன்பே அகற்றிவிடலாம். அப்படியிருந்தும் 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்நோய் வந்ததாகவும், சுமார் 80,000 பெண்கள் இதனால் மரித்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. 2019–21இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இந்தப் பரிசோதனையைச் செய்திருக்கவில்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய பத்துப் பேர் செய்திருந்தனர். மற்ற மாநிலங்களைவிட நாம் முன்னே நிற்கிறோம் என்பது உண்மை. மீதித் தொண்ணூறு பேரில் நம் சபைப் பெண்களும் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

3. திண்டுக்கல் மாவட்டம் கற்றுத்தந்த பாடம்

"கிராமத்தில் இதையெல்லாம் செய்ய முடியுமா? பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர் வேண்டாமா?" என்று கேட்பவர்களுக்கு நம் தமிழ்நாட்டிலிருந்தே பதில் உண்டு.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரத்துக்கு அருகே அம்பிளிக்கை என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய சுகாதார மையமும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. மாவட்டத்தின் ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, பாதித் தொகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மற்றப் பாதியில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும் இருந்தது.

பரிசோதனை மிக எளியது. கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பார்ப்பார்கள். நம் வீட்டு வினிகரில் உள்ள அதே அமிலந்தான். மாற்றமடைந்த இடம் வெள்ளையாகத் தெரியும். இதை வி.ஐ.ஏ. பரிசோதனை என்பார்கள். செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். வெள்ளைத் திட்டு தெரிந்த பெண்களைக் கருவி மூலம் மேலும் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்குக் குளிர்வித்து அகற்றும் கிரையோ சிகிச்சையையும் நர்சுகளே கிராமத்து முகாமில் செய்தார்கள்.

2007இல் வெளியான முடிவு உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. ஒரே ஒருமுறை நடந்த அந்தப் பரிசோதனையால், அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோய் வருவது 25 சதவீதமும், இந்நோயால் மரிப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தது. நர்சும், மேசையும், விளக்கும், ஒரு பாட்டில் அமிலமும் உயிர்களைக் காத்தன. பிறகு தமிழ்நாடு அரசும் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் வி.ஐ.ஏ. பரிசோதனையைத் தொடங்கி, மாநிலம் முழுவதும் அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் கொண்டு சென்றது.

இதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நமக்கு வேண்டியது அதுதான். அழைக்கப்பட்ட பெண்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். முகாம் தங்கள் ஊர்ப்பக்கமே வந்தும், மூன்றில் ஒருவருக்கு மேல் வரவில்லை. ஆரம்ப மாற்றங்கள் காணப்பட்ட 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம். நான்கில் ஒருவருக்கு மேல் சிகிச்சை பெறவில்லை.

மருத்துவமனை ஊர்வாசல் வரை வந்துவிட்டது. அந்த வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் இன்னும் ஒரு தூரம் இருக்கிறது.

4. மூன்று தூரங்கள்

நம்மிடம் வரும் சகோதரிகளிடம் பேசிப் பார்த்ததில் மூன்று தூரங்களைக் காண்கிறேன்.

பாதையின் தூரம். இதைக் குறைப்பது எளிது. வேனை அனுப்பலாம், முகாமை ஊருக்குக் கொண்டுபோகலாம். உங்கள் காணிக்கையின் ஒரு பகுதி இதற்கே செலவாகிறது.

கூலியின் தூரம். ஒருநாள் பரிசோதனை, இன்னொரு நாள் ரிப்போர்ட், மூன்றாம் நாள் சிகிச்சை என்றால் மூன்று நாள் கூலி போய்விடும். கூட வரும் மகனுக்கோ மகளுக்கோ இன்னொரு கூலி. ஆகவேதான் பார்த்த அன்றே சிகிச்சையும் கொடுப்பது இத்தனை முக்கியம். இப்போது கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறு கருவியால் சில நிமிடங்களில் சூடு கொடுத்து அந்த இடத்தை அகற்றுகிறார்கள். பெரும்பாலோருக்கு மயக்க மருந்து வேண்டியதில்லை. அன்றே வீடு திரும்பலாம்.

வெட்கத்தின் தூரம். இதற்கு வேன் இல்லை. "ஆம்பிளை டாக்டர் பார்ப்பாரா?" "எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லையே, எதுக்குக் காட்டணும்?" "வீட்டுக்காரர் விடமாட்டார்." "கர்ப்பப்பையை எடுத்துடுவாங்களாம்." இவையே எங்கள் நர்சுகள் திரும்பத் திரும்பக் கேட்கும் பேச்சுகள். இவற்றுக்கெல்லாம் பதில் உண்டு. பார்ப்பவர் பெண் நர்சு. தொந்தரவு இல்லாதபோது பார்ப்பதுதான் பரிசோதனையின் நோக்கமே. கர்ப்பப்பையை எடுப்பதில்லை. ஆனால் இந்தப் பதில்களை முகாம் நடக்கும் நாளில் ஒரு அந்நிய நர்சு சொல்வதைவிட, முந்தின வாரம் பெண்கள் சங்கத்தில் தெரிந்த அக்கா ஒருவர் சொன்னால் காதில் ஏறும்.

தனியிடத்தில் பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் எச்.பி.வி. பரிசோதனையும் இப்போது இருக்கிறது. சிறு பஞ்சுக்குச்சியைப் போன்ற ஒன்றைக் கொடுப்பார்கள். யாரும் உடலைப் பார்க்க வேண்டியதில்லை. முப்பது வயதில் தொடங்கி, 5 முதல் 10 வருடங்களுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை போதும் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. எச்.ஐ.வி. உள்ள சகோதரிகள் 25 வயதிலேயே தொடங்கி, 3 முதல் 5 வருடங்களுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். பின்னாக வந்து தொடும் பெண்ணுக்கென்றே வந்த பரிசோதனை என்று இதைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும்.

5. ஒழுக்கக் கேட்டின் அடையாளமா?

உறவின் மூலம் பரவும் கிருமி என்று சொன்னவுடன் சிலர் முகம் சுளிப்பார்கள். நான் போதகன். திருமணத்தின் பரிசுத்தத்தைப் பற்றி நாற்பது வருடமாகப் பிரசங்கிக்கிறேன். அந்த உரிமையோடு மூன்று காரியங்களைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்று, இந்தக் கிருமி உடலில் பல வருடம் அடங்கியிருக்கக்கூடியது. ஒரு பெண்ணுக்கு எச்.பி.வி. இருப்பதாக ரிப்போர்ட் வந்தால், அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைச் சந்தேகிப்பதும், கணவனைக் குற்றம் சாட்டுவதும் அநியாயம். வாழ்நாள் முழுவதும் ஒரே கணவனோடு உண்மையாய் வாழ்ந்த எத்தனையோ தாய்மார் இந்நோயால் மரித்திருக்கிறார்கள்.

இரண்டு, கணவன்மாருக்குப் பொறுப்பு உண்டு. கிருமி ஆணுக்கும் தொற்றுகிறது, ஆணாலும் பரவுகிறது. புற்றுநோயைச் சுமப்பது பெரும்பாலும் பெண். உண்மையுள்ள வாழ்வு பாதுகாப்புத் தரும். ஆணுறையும் ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது. இரண்டும் பரிசோதனைக்கு ஈடாகாது. "நீ போய்ப் பார்த்துட்டு வா, நான் கூட வர்றேன்" என்று கணவன் சொல்லும் ஒரு வார்த்தை பாதித் தடையை நீக்கிவிடும்.

மூன்று, பழைய அனுபவத்தை மறக்கக் கூடாது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தபோது, அந்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் சோதிக்கப்பட்டன. மருத்துவமனைக் கதவைத் திறந்துவைத்த நாம், பிரசங்க பீடத்தில் பல வருடம் கடினமாய்ப் பேசினோம். அந்நாட்களில் நானும் அப்படிப் பேசியவன்தான். அதைக் கேட்டுப் பயந்து பரிசோதனைக்கு வராமல் போனவர்கள் எத்தனை பேரோ, கர்த்தர் அறிவார். அந்தத் தவற்றை மறுபடியும் செய்ய வேண்டாம்.

6. பன்னிரண்டு வயதுச் சிறுபெண்

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் இரண்டு பேர் சுகம் பெறுகிறார்கள். பன்னிரண்டு வருடம் நோயோடு இருந்த ஸ்திரீ ஒருத்தி. பன்னிரண்டு வயதான யவீருவின் மகள் மற்றொருத்தி. தாய்க்குப் பரிசோதனை என்றால், மகளுக்குத் தடுப்பூசி.

எச்.பி.வி. தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள், கிருமி தொற்ற வாய்ப்பு வருமுன்னே போடுவது சிறந்தது. அம்மைக்கும் இரணஜன்னிக்கும் போடுவது போன்றதே இது. பிள்ளையின் நடத்தைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதலில் மூன்று ஊசிகள் வேண்டும் என்றார்கள். 2009இல் இந்தியாவில் பல இடங்களில் இரண்டு ஊசியா மூன்று ஊசியா என்ற ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையும் அதில் ஓர் இடம். 2010இல் அரசு இத்தகைய ஆய்வுகளில் ஊசி போடுவதை நிறுத்தியதால், ஏறத்தாழ 5,000 பெண்பிள்ளைகள் ஒரே ஊசியோடு நின்றுவிட்டார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் வருடக்கணக்காகக் கவனித்து வந்தார்கள். ஒரு ஊசியே நல்ல பாதுகாப்புத் தருவது தெரியவந்தது. இதுவும் பிற நாட்டு ஆய்வுகளும் சேர்ந்து, 2022 டிசம்பரில் ஒரு ஊசியும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொள்ள வழிசெய்தன. 2023இல் இந்தியாவிலேயே தயாரான தடுப்பூசி விற்பனைக்கு வந்தது. 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இதை இலவசமாகப் போடும் திட்டத்தைத் தமிழக அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது.

ஊசி போட்டவர்களும் 30 வயதுக்குப் பின் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். புற்றுநோய் தரும் எல்லா வகைக் கிருமிகளையும் ஊசி தடுப்பதில்லை.

7. சபைகள் செய்யக்கூடியவை

• பெண்கள் சங்கக் கூட்டம் ஒன்றை இதற்கென ஒதுக்குங்கள். பெண் நர்சு ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். ஆண்கள் ஐக்கியத்திலும் இதே செய்தி சொல்லப்படட்டும்.

• முகாமுக்கு ஆலய ஹாலைத் திறந்து கொடுங்கள். கதவுக்குத் தாழ்ப்பாளும், ஜன்னலுக்குத் திரையும், பக்கத்தில் கழிப்பறையும் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். இது சிறிய காரியமல்ல.

• போதகர்களே, "வயிற்றுவலி" என்று ஜெபத்துக்கு வரும் சகோதரியிடம் உங்கள் மனைவியோ ஒரு மூத்த சகோதரியோ தனியாகப் பேச ஏற்பாடு செய்யுங்கள். மாதவிலக்கு நின்றபின் உதிரம் படுதல், விலக்குகளுக்கு நடுவில் அல்லது உறவுக்குப்பின் உதிரம் படுதல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் அனுப்புங்கள். ஜெபமும் செய்யுங்கள்.

• எச்.ஐ.வி. பற்றிய பயம் உள்ளவர்களை அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்கள். அங்கே பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம், இரகசியமும் காக்கப்படும்.

• காணிக்கை அனுப்பும்போது கட்டடத்தையும் கருவியையும் போலவே ஒரு தாயின் ஒருநாள் கூலியையும், கூட வருகிறவரின் பஸ் கட்டணத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சிந்தித்துப் பேச

1. நம் சபையில் ஒரு பெண் தன் நோயை யாரிடம் பயமின்றிச் சொல்ல முடியும்? அந்த நபரின் பெயரைச் சொல்ல முடிகிறதா?
2. யவீரு முன்னால் வந்தான், அவள் பின்னாக வந்தாள். நம் சபையில் பின்னாக வருகிறவர்கள் யார்?
3. நம் குடும்பத்தில் 30 வயதைத் தாண்டிய பெண்களில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் எத்தனை பேர்?

முடிவாக ஒரு செய்தி. நான் அடக்கம் செய்த அந்தச் சகோதரியின் ஊரிலேயே, அவர்கள் ஆலய ஹாலில், பிறகு ஒரு முகாம் நடந்தது. அவருடைய தங்கை வந்தார், வயது 41. நர்சு பார்த்தபோது கருப்பைவாயில் சிறு வெள்ளைத் திட்டு இருந்தது. அன்றே சிகிச்சை முடிந்து, மாலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டாராம். ஒருவர் வந்தார். மற்றவர் வரவில்லை.

வராத அந்தச் சகோதரிக்காக ஜெபியுங்கள். அடுத்த முகாமுக்கு எங்கள் நர்சுகள் அந்த வீட்டுக்குத்தான் முதலில் போகப்போகிறார்கள்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் மருத்துவமனைப் போதகர்